வீட்டு வளவில் பப்பாசி: கன்றுக்கு அல்ல, மரத்துக்கு இடம் விடுங்கள்

மீள்குடியேறிய குடும்பங்களுக்கான வீட்டுத்தோட்டப் பாடம்

இந்தப் பாடத்தைப் படித்து முடிக்கும்போது நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை:

• வளவில் எந்த இடத்தில் பப்பாசி நடலாம், எந்த இடத்தில் நடக்கூடாது
• மரத்துக்கு மரம் எவ்வளவு இடைவெளி விடவேண்டும், ஏன்
• ஒரு குழியில் ஏன் 3 கன்றுகள் நட்டு, பின்னர் ஒன்றை மட்டும் விடுகிறோம்
• மாரி வெள்ளத்திலிருந்தும் கோடை வெயிலிலிருந்தும் மரத்தைக் காப்பது எப்படி
• எந்த நோய்க்கு மருந்து உண்டு, எந்த நோய்க்கு மரத்தை வெட்டத்தான் வேண்டும்

ஏன் பப்பாசி?

பல ஆண்டுகளுக்குப் பிறகு வளவுக்குத் திரும்பியிருக்கிறீர்கள். நின்ற தென்னைகளில் சில தலையில்லாமல் நிற்கலாம். மாமரமும் பலாவும் நின்ற இடத்தில் பற்றை வளர்ந்திருக்கலாம். கொட்டில் போட்டு, கிணறு இறைத்து, வேலி அடைத்து முடிக்கவே மாதங்கள் ஓடிவிடும். இன்று ஒரு தென்னம்பிள்ளை வைத்தால் அது காய்க்க 5, 6 ஆண்டுகள் செல்லும். ஒட்டு மாங்கன்றுக்கும் 3, 4 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். உலருணவு நிவாரணம் அவ்வளவு காலத்துக்கு வராது.

பப்பாசி அப்படியல்ல. கன்று நட்டு 8 முதல் 10 மாதங்களில் முதல் பழம் பறிக்கலாம். பெரிய செலவில்லை, விதை உங்கள் அயலிலேயே கிடைக்கும். பழத்தில் கண்ணுக்கும் உடம்புக்கும் வேண்டிய உயிர்ச்சத்து ஏயும் சீயும் நிறைய உண்டு. காயைக் கறி சமைக்கலாம். மிஞ்சியதைச் சந்தைக்கு அனுப்பலாம். 3, 4 ஆண்டுகளில் மரத்தின் நல்ல காலம் முடிந்துவிடும். அதற்குள் நீங்கள் வைத்த தென்னையும் மாவும் தலை தூக்கியிருக்கும். ஆகவே பப்பாசி இந்த இடைக்காலத்துக்கு ஏற்ற மரம்.

ஆனால் பல வளவுகளில் ஒன்றைக் காண்கிறோம். கிடைத்த கன்றுகள் எல்லாவற்றையும் 2 அடி, 3 அடி தூரத்தில் நெருக்கி நட்டுவிடுகிறார்கள். கன்று ஒரு சாண் உயரம்தான். அதைச் சுற்றி வெறும் நிலம் கிடப்பதைப் பார்க்க மனம் கேட்பதில்லை. ஆறு மாதத்தில் இலைகள் ஒன்றோடொன்று முட்டும். வெயில் தேடி மரங்கள் நெட்டையாக வளரும். காய் குறையும், இருக்கும் காயும் கைக்கு எட்டாது. நோய் வந்தால் ஒரே கிழமையில் எல்லா மரத்துக்கும் தொற்றும். 20 கன்று நட்ட குடும்பத்துக்கு 5 மரத்தின் பழம்கூடக் கிடைக்காமல் போகலாம்.

ஆகவே இப்பாடத்தின் முதல் விதி இதுதான்: இடைவெளியை அளக்கும்போது கையில் இருக்கும் கன்றைப் பார்க்காதீர்கள், 10 மாதம் கழித்து அங்கே நிற்கப்போகும் மரத்தை நினைத்து அளவுங்கள்.

தோண்டுவதற்கு முன்: காணி பாதுகாப்பானதா?

பப்பாசிக்கு 2 அடி ஆழக் குழி வேண்டும். கண்ணிவெடி அகற்றப்பட்டு, பாதுகாப்பானது என உங்களிடம் கையளிக்கப்பட்ட நிலத்தில் மட்டும் தோண்டுங்கள். பக்கத்துக் காணி இன்னும் துப்புரவு செய்யப்படவில்லை என்றால் எல்லை ஓரத்தில் குழி வெட்ட வேண்டாம். மண்டையோட்டு அடையாளப் பலகை, சிவப்பு அடையாளத் தடி, நாடா என்பவற்றைத் தாண்டி வேலித்தடி வெட்டவோ எரு அள்ளவோ போகவேண்டாம்.

பற்றையை வெட்டிக் குவித்துத் தீ வைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. இப்போதைக்கு அதைத் தவிருங்கள். மண்ணுக்குள்ளோ சருகுக்குள்ளோ வெடிக்காத பொருள் கிடந்தால் சூட்டில் வெடிக்கும். வெட்டிய பற்றையை மூலையில் குவித்து மக்க விடுங்கள், அது நல்ல பசளையாகும்.

தோண்டும்போது சந்தேகமான இரும்பு, குழாய், கம்பி, பிளாஸ்ரிக் பொருள் எதுவும் தெரிந்தால்:

1. உடனே வேலையை நிறுத்துங்கள். தொடவோ, அசைக்கவோ, தண்ணீர் ஊற்றவோ வேண்டாம்.
2. வந்த அடித்தடத்திலேயே திரும்பி வாருங்கள்.
3. பிள்ளைகளையும் கால்நடைகளையும் அப்பக்கம் போகவிடாதீர்கள்.
4. கிராம அலுவலருக்கோ, பொலிசாருக்கோ, கண்ணிவெடி அகற்றும் குழுவுக்கோ அறிவியுங்கள்.

ஒரு பப்பாசிக் குழி பிந்தினால் ஒரு மாதம்தான் பிந்தும். அவசரப்பட்டால் இழப்பதைத் திரும்பப் பெற முடியாது.

வளவில் எந்த இடம்?

வெயில்: பப்பாசிக்கு நாள் முழுவதும் வெயில் வேண்டும். வேம்பு, புளி போன்ற பெருமரங்களின் நிழலில் நட்டால் மரம் வளரும், காய்க்காது.

தண்ணீர்: பப்பாசிக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் அடியில் தண்ணீர் தேங்கவே கூடாது. வேரைச் சுற்றி ஓரிரு நாள் வெள்ளம் நின்றாலே மரம் அழுகிச் சாய்ந்துவிடும். கார்த்திகை, மார்கழி மழையில் உங்கள் வளவில் எங்கே தண்ணீர் நிற்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். நீங்கள் இல்லாத ஆண்டுகளில் வாய்க்கால் தூர்ந்து, வெள்ளம் ஓடும் வழி மாறியிருக்கக்கூடும். அயலில் முன்னரே வந்து ஒரு மாரியைக் கண்டவர்களைக் கேளுங்கள்.

கிணற்றடி: குளிக்கும் தண்ணீர் வழிந்தோடும் பக்கம் பப்பாசிக்கு நல்லது. ஆனால் எருக்குவியலைக் கிணற்றருகே வைக்க வேண்டாம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல் இருப்பதால் பசளையின் சத்து மழையோடு எளிதாக இறங்கிக் கிணற்று நீரில் கலக்கும். அந்தத் தண்ணீரைத்தான் குழந்தைகள் குடிக்கிறார்கள்.

வீடு: பப்பாசித் தண்டு மென்மையானது, உள்ளே கோறையானது. காற்றுக்கு முறியும். கொட்டிலிலிருந்து 8 அடியாவது தள்ளி நடுங்கள். தகரக் கூரையில் ஒரு காய் விழுந்தாலே சேதம்தான்.

காற்று: வைகாசி முதல் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று பப்பாசி இலையைக் கிழித்துப் போடும். காற்று வரும் பக்கத்தில் சீமைக்கிளுவை, பூவரசு கதியால்களை நெருக்கி நட்டு வேலியைப் பலப்படுத்துங்கள்.

உறவினர் வளவில் அல்லது இன்னும் உறுதி தீராத காணியில் இருப்பவர்கள் உரிமையாளரிடம் கேட்டு நடுங்கள். தென்னை, மா போன்ற நீண்டகால மரங்கள் பின்னாளில் பிணக்குக்குக் காரணமாகலாம். குறுகிய காலத்தில் பலன் தரும் பப்பாசிக்குப் பெரும்பாலும் எவரும் மறுப்புச் சொல்வதில்லை.

எவ்வளவு தூரம்?

வளர்ந்த பப்பாசியின் இலைக்காம்பு மட்டும் 3 அடி வரை நீளும். அதன் நுனியில் அகன்ற இலை. நடுத்தண்டிலிருந்து இரண்டு பக்கமும் இப்படி விரிந்தால் ஒரு மரத்தின் குடை 7, 8 அடி அகலம் வரும். ஆகவே:

• மரத்துக்கு மரம் 8 அடி (ஏறத்தாழ இரண்டரை மீற்றர்)
• வரிசைக்கு வரிசை 8 அடி
• வேலியிலிருந்து 4 அடி
• இளம் மாங்கன்றிலிருந்து குறைந்தது 8 அடி

அளவுநாடா இல்லையா? கூரைக்குக் கிடைத்த 8 அடித் தகரம் ஒன்றின் நீளத்துக்குக் கயிற்றைப் பிடித்து முடிச்சுப் போடுங்கள். அதே நீளத்தில் மீண்டும் மீண்டும் முடிச்சுப் போட்டால் ஒரு அளவுக்கயிறு ஆயத்தம். அதை மடித்துப் பாதி எடுத்தால் 4 அடி. கயிற்றை இழுத்துக் கட்டி, முடிச்சு வரும் இடங்களில் முளை அடியுங்கள். குழி வெட்டுவதற்கு முன் எல்லா முளைகளையும் அடித்துவிட்டு, எட்ட நின்று ஒருமுறை பாருங்கள். அந்த நேரத்தில் முளைகள் மிகவும் தள்ளித் தள்ளி இருப்பது போலத் தோன்றும். அது சரியான தோற்றம்தான், நெருக்கி அடிக்க வேண்டாம்.

ஓர் எடுத்துக்காட்டு: வளவின் ஒரு மூலையில் 32 அடி நீளமும் 16 அடி அகலமும் உள்ள துண்டு நிலம் இருக்கிறது. வேலியிலிருந்து 4 அடி விட்டு முதல் முளை. பின் 8 அடிக்கு ஒன்றாக நீளப்பாட்டில் 4 முளைகள் வரும். அகலப்பாட்டில் 2 வரிசை. மொத்தம் 8 குழிகள். ஒரு குடும்பம் உண்ணவும், இடையிடையே சந்தைக்குக் கொடுக்கவும் 8 மரம் போதும். இறைக்கிற தண்ணீரையும் கிடைக்கிற எருவையும் 8 மரத்துக்கு ஒழுங்காகக் கொடுக்க முடிந்தால், அது 20 மரத்தைக் காயவிடுவதை விட மேல்.

தென்னை வைக்கும் குடும்பங்கள் வேறொரு வழியும் செய்யலாம். தென்னம்பிள்ளைகளை 26 அடிக்கு ஒன்றாக நடுவது வழக்கம். இரண்டு தென்னைக்கு நடுவில், இருபுறமும் 13 அடி விட்டு, ஒரு பப்பாசி நடுங்கள். தென்னை ஓலை விரிந்து நிழல் கட்டும் காலம் வரும்போது பப்பாசியின் காலம் முடிந்திருக்கும். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை. தென்னைக்கு இறைக்கும்போதே பப்பாசிக்கும் இறைத்துவிடலாம்.

வெறும் நிலத்தை என்ன செய்வது?

8 அடி இடைவெளி முதல் 4, 5 மாதங்களுக்கு வெறுமையாகக் கிடக்கத் தேவையில்லை. அங்கே கீரை, பயறு, கௌப்பி, கச்சான் போடலாம். இவை மண்ணை மூடி ஈரத்தைக் காக்கும். பயறு, கச்சான் இனங்கள் மண்ணுக்குச் சத்தும் சேர்க்கும். கன்றின் அடியில் ஒன்றரை அடி வட்டத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பப்பாசி வேர் மேலாகவே ஓடும் என்பதால் அதன் அருகில் ஆழமாகக் கொத்த வேண்டாம்.

பூசணி, வெள்ளரி, பீர்க்கு, பாகல் ஆகியவற்றைப் பப்பாசிக்குப் பக்கத்தில் போடாதீர்கள். பப்பாசியைத் தாக்கும் கொடிய வைரசு நோய் இவற்றிலும் தங்கக்கூடியது. இவற்றை வளவின் மறு பக்கத்தில் வையுங்கள்.

விதையும் கன்றும்

நல்ல பழம் தரும் மரம் அயலில் எது என்று கேட்டு, நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து விதை எடுங்கள். விதையைச் சுற்றி வழுவழுப்பான தோல் இருக்கும். அது முளைப்பதைத் தடுக்கும். சாம்பலோ மணலோ சேர்த்துத் தேய்த்து, தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள்.

மேல்மண் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு ஒரு பங்கு எனக் கலந்து பைகளை நிரப்புங்கள். வெறுமையான பால்மாப் பைக்கற்றின் அடியில் நாலைந்து துளை போட்டால் அதுவே போதும். ஒரு பையில் 3 விதைகளை அரை அங்குல ஆழத்தில் ஊன்றி, லேசான நிழலில் வைத்து, காலையில் மட்டும் அளவாகத் தண்ணீர் தெளியுங்கள். 2 முதல் 3 கிழமையில் முளைக்கும். 6 முதல் 8 கிழமையில், ஒரு சாண் உயரம் வந்ததும் நடலாம். நடுவதற்கு ஒரு கிழமை முன் கன்றுகளைச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்குங்கள். 3 மாதத்துக்கு மேல் பையில் வைத்திருந்தால் வேர் சுருண்டுவிடும்.

காணி கையளிக்கப்படும் நாளுக்காக இன்னும் காத்திருப்பவர்களும் இப்போதே விதை சேகரிக்கலாம். உலர்ந்த விதையைக் காகிதத்தில் சுற்றி, மூடியுள்ள போத்தலில் ஈரம்படாமல் வைத்திருங்கள். நாள் தெரிந்ததும் பையில் ஊன்றுங்கள்.

குழியும் நடுகையும்

நடுவதற்கு 2 கிழமை முன்பே 2 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி ஆழத்தில் குழி வெட்டுங்கள். மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறு பக்கமும் போடுங்கள். மேல்மண்ணோடு ஒரு பெரிய கடகம் மக்கிய எருவோ கூட்டெருவோ கலந்து குழியை நிரப்பி ஆறவிடுங்கள். பச்சை எரு போட்டால் வேர் வெந்துவிடும்.

உங்கள் மண்ணுக்கேற்ப இதை மாற்றிக்கொள்ளுங்கள்:

செம்மண்: மேலே சொன்ன குழி போதும். ஓரடியில் கல் தட்டினால் அலவாங்கால் உடைத்துக் களைக்க வேண்டாம். அந்த இடத்தில் வெளியிலிருந்து மண் போட்டு மேடாக்கி நடுங்கள்.

களிமண்: வயலோரம், குளத்தோரம் உள்ள வளவுகளில் குழி ஒரு தொட்டி போல் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே ஒன்றரை அடி உயரமும் 4 அடி அகலமும் உள்ள மேடு கட்டி அதன்மேல் நடுங்கள். வரிசைகளுக்கிடையே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியே விடுங்கள்.

மணல்: கரையோர வளவுகளில் தண்ணீர் ஊற்றியதும் கீழே போய்விடும். குழியின் அடியில் தேங்காய்ப் பொச்சு அடுக்கி, எருவை இரட்டிப்பாகக் கலந்து நடுங்கள். கிணற்று நீர் உவர் என்றால் கன்றுப் பருவத்தில் கவனம் வேண்டும். இலையின் ஓரம் கருகினால் உப்பு மிஞ்சிவிட்டது என்று பொருள். மழைநீரைச் சேமித்து முதல் 2 மாதமாவது அதை ஊற்றப் பாருங்கள்.

ஆவணியில் விதை ஊன்றி, ஐப்பசி முதல் மழையோடு நட்டால், பெருமழைக்கு முன் கன்று வேர்பிடித்துவிடும். வெள்ளம் நிற்கும் வளவானால் மாரி முழுவதும் பொறுத்திருந்து, தை மாதத்தில் நட்டு, தண்ணீர் இறைத்து வளர்ப்பது பாதுகாப்பு.

மாலையில் நடுங்கள். பையைக் கிழித்து, மண் உதிராமல் கன்றை எடுத்து, பையில் இருந்த அதே ஆழத்துக்கு நடவேண்டும். தண்டை மண்ணால் மூடினால் அழுகும். 3, 4 நாளைக்குப் பனையோலையோ கிடுகோ சாய்த்து நிழல் கொடுங்கள்.

ஆண் மரம், பெண் மரம்

ஊர் விதையிலிருந்து வரும் கன்றுகளில் ஏறத்தாழப் பாதி ஆண், பாதி பெண். விதையையோ இளங்கன்றையோ பார்த்துச் சொல்ல முடியாது. கறுத்த விதை, மிதக்கும் விதை என்று பலவாறு சொல்வார்கள். அதை நம்பி ஒரு குழிக்கு ஒரு கன்று மட்டும் நட்டால் பாதிக் குழிகள் வெறும் ஆண் மரமாகப் போகலாம்.

அதனால்தான் ஒரு குழியில் ஓரடி இடைவெளியில் முக்கோணமாக 3 கன்றுகள் நடுகிறோம். 3 கன்றும் ஆணாக அமைவது 8 குழியில் ஒன்றில்தான் நேரலாம். ஒரு பையில் 3 விதை முளைத்திருந்தால், உயரம் நாலைந்து அங்குலமாக இருக்கும்போதே பிரித்துத் தனிப் பைகளுக்கு மாற்றுங்கள்.

4 முதல் 6 மாதத்தில் பூ வரும். அப்போது பாருங்கள்:

• ஆண் பூ: நீண்டு தொங்கும் கிளைத்த காம்பில் சிறிய பூக்கள் கொத்தாக இருக்கும்.
• பெண் பூ: தண்டோடு ஒட்டி, தனியாகவோ இரண்டு மூன்றாகவோ, அடி பருத்து இருக்கும். காய் உருண்டையாக வரும்.
• இருபால் பூ: தண்டோடு ஒட்டியே இருக்கும், சற்று நீண்டிருக்கும். காயும் நீளமாக வரும்.

பெண் அல்லது இருபால் மரம் ஒன்றை விட்டு, மற்ற இரண்டையும் நிலமட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்க வேண்டாம், நல்ல மரத்தின் வேரும் அறுந்துவிடும். எல்லாம் பெண் மரங்களாக இருந்தால் மகரந்தத்துக்கு 8, 10 மரத்துக்கு ஓர் ஆண் மரம் வேண்டும். அயல் வளவில் ஒன்று நின்றாலும் போதும்.

செழித்து நிற்கும் கன்றை வெட்ட மனம் வராது. மாதக்கணக்கில் தண்ணீர் அள்ளி ஊற்றியது நீங்கள்தான். ஆயினும் மூன்றையும் விட்டால் மூன்றும் ஒரே குழியின் சத்துக்குப் போட்டியிடும். அளந்து விட்ட 8 அடிக்கும் பயனில்லாமல் போகும்.

கடையில் வாங்கும் றெட் லேடி போன்ற கலப்பின விதையில் தனி ஆண் மரம் வராது. அதற்குக் குழிக்கு ஒரு கன்று போதும். ஆனால் அதன் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்மரம் போலவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

தண்ணீர், பசளை, வேலி

மழையில்லாத நாட்களில் இளங்கன்றுக்கு நாளுக்கு அரை வாளி தண்ணீர். காய்க்கும் மரத்துக்கு மணல் நிலத்தில் நாளுக்கு ஒரு வாளி, மற்ற நிலத்தில் ஒன்றுவிட்டு ஒருநாள் 2 வாளி. தண்டில் படாமல் சுற்றிவர ஊற்றுங்கள். அடியில் பொச்சு, சருகு, வைக்கோல் பரப்பினால் ஈரம் காயாது. அதுவும் தண்டை முட்டாமல் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும்.

2 மாதத்துக்கு ஒருமுறை மரத்துக்கு ஒரு கடகம் கூட்டெரு இட்டு மண் அணையுங்கள். சீமைக்கிளுவைக் குழையை வெட்டி அடியில் போடுவது செலவில்லாத பசளை. செயற்கைப் பசளை இட விரும்பினால் அளவைக் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியுங்கள்.

மீள்குடியேறிய இடங்களில் பப்பாசிக்குப் பெரிய எதிரி கட்டாக்காலி மாடும் ஆடும். வேலி முழுவதையும் அடைக்க வசதியில்லையெனில் ஒவ்வொரு கன்றையும் சுற்றிக் கருக்குமட்டையோ முள் அலம்பலோ நிறுத்துங்கள். ஓர் இரவு திறந்து கிடந்த படலை 5 மாத உழைப்பைத் தின்றுவிடும்.

நோயும் பூச்சியும்

வெண்மூட்டுப்பூச்சி: இலையின் அடியிலும் காயிலும் வெண்பஞ்சு போல ஒட்டியிருக்கும். பப்பாசியைத் தாக்கும் இந்த இனம் 2008இல் இலங்கையில் முதன்முதலாகக் காணப்பட்டது. மரவள்ளி, செவ்வரத்தை ஆகியவற்றிலும் தங்கும். தொடக்கத்திலேயே கண்டால் சவர்க்கார நீரை வேகமாக விசிறிக் கழுவுங்கள். மிகுதியாகத் தாக்கிய இலையை வெட்டிப் புதையுங்கள். இதை அழிக்கும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. கண்டபடி நஞ்சு தெளித்தால் அவையும் செத்துவிடும்.

வளையப்புள்ளி வைரசு நோய்: இலை மஞ்சளும் பச்சையுமாகத் திட்டுத்திட்டாகும், புது இலை ஒடுங்கிச் சுருங்கும், காம்பிலும் இளந்தண்டிலும் எண்ணெய் பட்டது போன்ற கோடுகள் தோன்றும், காயில் வளையங்கள் விழும். அழுக்கணவன் என்னும் சாறு உறிஞ்சும் சிறு பூச்சி இதைப் பரப்புகிறது. இதற்கு மருந்து இல்லை. விற்பவர் என்ன சொன்னாலும் காசு கொடுத்து ஏமாறாதீர்கள். நோயுற்ற மரத்தை உடனே வேரோடு அகற்றிப் புதையுங்கள். அயலவரிடமும் சொல்லுங்கள். ஒரு வளவில் விட்டுவைத்த நோய்மரம் ஒழுங்கை முழுவதற்கும் நோயைக் கொடுக்கும்.

அடியழுகல்: தண்டின் அடி நனைந்து கறுத்து, இலை வாடும். காரணம் தேங்கிய தண்ணீர். வாய்க்கால் வெட்டுவதும் மேடு கட்டுவதும்தான் பரிகாரம்.

அறுவடையும் சமையலும்

காயின் அடிப்பக்கத்தில் மஞ்சள் கோடு விழுந்ததும் பறிக்கலாம். மரத்திலேயே பழுக்க விட்டால் காகத்துக்கும் வௌவாலுக்கும் அணிலுக்கும்தான் போகும். சிறிது காம்புடன் வெட்டி, பால் வடியவிட்டு, காகிதத்தில் சுற்றி வையுங்கள். பால் தோலிலும் கண்ணிலும் படக்கூடாது. பப்பாசி மரத்தில் ஏற வேண்டாம், பிள்ளைகளையும் ஏறவிட வேண்டாம். அது ஆளைத் தாங்காது. ஒரே இடத்தில் காய்கள் நெருங்கியிருந்தால் சிறியவற்றையும் கோணியவற்றையும் பிஞ்சிலேயே எடுத்துவிடுங்கள், மற்றவை பெருக்கும்.

பச்சைக் காயில் கறியும் வறையும் செய்யலாம். ஆட்டிறைச்சிக் கறியில் இரண்டு துண்டு போட்டால் இறைச்சி விரைவில் அவியும், விறகும் மிச்சம். கர்ப்பிணித் தாய்மார் காயைத் தவிர்த்து, பழம் உண்பது பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மாதங்களை நினைவில் வைக்க

ஆவணி: விதை ஊன்றுதல்
புரட்டாதி: குழி வெட்டி எரு நிரப்புதல், வேலி திருத்துதல்
ஐப்பசி: நடுதல்
கார்த்திகை, மார்கழி: வெள்ளம் வடியவிடுதல், இடைப்பயிர்
தை, மாசி: மண் அணைத்தல், தண்ணீர் தொடங்குதல்
பங்குனி, சித்திரை: பூப் பார்த்து ஒரு மரம் விடுதல்
ஆனி முதல் ஆவணி: முதல் பழம்

உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்

1. நான் குழி வெட்டப்போகும் இடம் பாதுகாப்பானது என உறுதிசெய்யப்பட்டதா?
2. கடந்த மாரியில் அந்த இடத்தில் தண்ணீர் நின்றதா? யாரிடம் கேட்டேன்?
3. என் வளவில் 8 அடி இடைவெளியில் எத்தனை குழிகள் வரும்? கயிறு பிடித்து அளந்தேனா?
4. அத்தனை மரத்துக்கும் கோடையில் தண்ணீர் இறைக்க வீட்டில் ஆளுண்டா? இல்லையெனில் எத்தனை மரம் போதும்?
5. நிற்கும் 3 கன்றில் எதை விடுவது என்று பூவைப் பார்த்துச் சொல்ல முடியுமா?

நாலாவது கேள்விக்கு வீட்டிலுள்ள எல்லோரும் சேர்ந்து விடை சொல்லுங்கள். தண்ணீர் அள்ளுபவர் தாயாகவோ மூத்த பிள்ளையாகவோ இருந்தால் எண்ணிக்கையை முடிவு செய்வதும் அவர்களே. நான்கு மரம்தான் முடியும் என்றால் நான்கே நடுங்கள். கன்று மிஞ்சினால் அயல் வீட்டுக்குக் கொடுங்கள். அவர்களுக்கு அளவுக்கயிறையும் இரவல் கொடுக்க மறக்க வேண்டாம்.